கம்பைலர் ஆப்டிமைசேஷன் ஆவணங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் பழைய பில்ட் எர்ரர் காட்டி நின்றுவிடும். ஆவணம் பழசாகிவிட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கம்பைலர் தானாகவே கோடை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷனில் அந்த வசதி இல்லை. ஆவணம் ஒன்று சொல்லும், கம்பைலர் வேறொன்று செய்யும், புரோகிராம் என்னவோ சரியான விடையைத்தான் தரும். வேகம் மட்டும் மாறியிருக்கும். அதற்காக யார் பக் ரிப்போர்ட் எழுதப்போகிறார்கள்?

சி, சி++ கம்பைலரான ஜிசிசியின் ஆட்டோ வெக்டரைசேஷனைப் பாருங்கள். லூப்பின் பல சுற்றுகளை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் முடிக்கும் இந்த வித்தை வெகுகாலம் ஓ3 என்ற உயர் ஆப்டிமைசேஷன் நிலையைக் கொடுத்தால்தான் தானாக வேலை செய்தது. 2022-இல் வந்த ஜிசிசி 12 அதை அடுத்த கீழ்நிலையான ஓ2-க்கும் கொண்டுவந்தது, ஆனால் 'வெரி சீப்' என்ற கறாரான காஸ்ட் மாடலோடு (லூப்பை மாற்றுவது லாபமா என்று கணிக்கும் விதி). 1024 தடவை சுற்றும் லூப் என்றால் மாற்றும். எத்தனை தடவை என்று முன்கூட்டியே தெரியாத லூப்பைப் பொதுவாகத் தொடாது. 2025-இல் ஜிசிசி 15 இந்தக் கறாரையும் தளர்த்தி, சுற்று எண்ணிக்கை தெரியாத லூப்களுக்கும் வழிவிட்டது. ஆக, "ஓ2-இல் வெக்டரைசேஷன் கிடையாது" என்பது 11 வரை சரி. "உண்டு" என்று மொட்டையாகச் சொன்னால் 12-க்கும் 15-க்கும் அர்த்தமே வேறு. டீஃபால்ட் மாறும்போது பழைய வரியை அழித்துப் புதியதை எழுதிவிட்டுப் போவதுதான் முதல் தவறு. எந்தப் பதிப்பிலிருந்து, எந்த நிபந்தனையோடு என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

ஏனென்றால் படிப்பவர் கையில் இருப்பது புதிய கம்பைலராக இருக்காது. உபுண்டு 22.04-இல் 'ஜிசிசி' என்று தட்டினால் வருவது 11. அவர் கூகுளில் தேடிப் போய் நிற்பதோ பெரும்பாலும் இன்னும் வெளிவராத பதிப்பின் கையேட்டில். ஜிசிசி தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு இருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. உங்கள் திட்டத்தில் அப்படி இல்லையென்றால் பக்கத்தின் தலைப்பிலாவது பதிப்பு எண்ணைப் போடுங்கள்.

அடுத்தது, பட்டியலைக் கையால் பராமரிப்பது. ஓ2 எதையெல்லாம் இயக்குகிறது என்பது ஜிசிசியின் சோர்ஸில் ஒரு அட்டவணையாக இருக்கிறது. கையேட்டில் இருப்பது மனிதர் எழுதிய இன்னொரு பட்டியல். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எந்த மெஷினுக்கு, எப்படி அமைத்தது என்பதைப் பொறுத்துப் பட்டியல் சற்று மாறலாம் என்று கையேடே ஒப்புக்கொண்டு, கம்பைலரிடமே கேட்டுப் பார்க்கும் கட்டளையைச் சொல்லித் தருகிறது. பாராட்ட வேண்டிய நேர்மை. இன்னொரு கம்பைலரான கிளாங் வேறு வழியில் போகிறது: ஆப்ஷன்களை வரையறுக்கும் கோப்பிலிருந்தே அதன் ஆப்ஷன் பக்கம் தானாக உருவாகிறது. பெயர்கள் தவறாது, சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் பல ஆப்ஷன்கள் விளக்கமே இல்லாமல் பெயரோடு நிற்கின்றன. பட்டியலை மெஷினிடம் விடலாம்; எப்போது பயன்படும், எப்போது காலை வாரும் என்பதை ஆள்தான் எழுத வேண்டும்.

"கோட் மெர்ஜ் ஆகட்டும், ஆவணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எல்லாத் திட்டங்களிலும் உள்ள வியாதி. ஆப்டிமைசேஷனில் இது கூடுதலாகப் படுத்தும். ஒரு பாஸ் (கம்பைலருக்குள் ஒரு ஆப்டிமைசேஷனைச் செய்யும் பகுதி) எந்த லூப்பைத் தொடும், எதைத் தொடாது என்பது அதை எழுதியவருக்கு அந்த வாரம்தான் தெளிவாக ஞாபகம் இருக்கும். ஆவண மாற்றம் அதே பேட்சில் இல்லையென்றால் ரிவ்யூ செய்பவர் நிறுத்தி வைப்பதே முறை. கிளாங்கின் தாய்த் திட்டமான எல்எல்விஎம்மில் ரிலீஸ் நோட்ஸும் கோடும் ஒரே ரெப்போவில் இருப்பதால் இது சுலபம். ஜிசிசியின் ரிலீஸ் நோட்ஸ் தனி ரெப்போவில் இருப்பதால் அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"30 சதவீதம் வேகம் கூடும்" போன்ற வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எந்த பிராசஸர், எந்தப் பதிப்பு, எந்த புரோகிராம் என்று இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, செத்துப்போன ஆப்ஷன்கள். ஜிசிசிக்கு ஸ்ட்ரென்த்-ரெட்யூஸ் என்ற பழைய ஆப்ஷனை இன்றைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒன்றும் செய்யாது. பழைய மேக்ஃபைல்கள் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்புகள்) உடையக்கூடாது என்பதற்காக விட்டுவைத்திருக்கிறார்கள். கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்வரை இப்படிப்பட்டவற்றை ஆவணத்திலிருந்து நீக்காமல், "எந்த விளைவும் இல்லை, இந்தப் பதிப்பிலிருந்து" என்று ஒரு வரி போட்டு வையுங்கள். யாரோ எழுதிவைத்த மேக்ஃபைலில் அதைப் பார்த்துவிட்டு, எடுத்தால் வேகம் குறையுமோ என்று பயந்து தேடி வருபவருக்கு அந்த ஒரு வரி போதும்.