தடித்த சுவருக்குப் பின்னால் மான்டி கார்லோ கணக்கு தேறாதபோது: என் அனுபவம்

கோபால்ட்-60 காமா கதிர் 120 செ.மீ. கான்கிரீட் சுவரைத் தாண்டி எவ்வளவு வரும் என்பதை மான்டி கார்லோவில், அதாவது துகள்களை ஒவ்வொன்றாகத் தற்செயல் எண்களால் கணினியில் ஓடவிட்டு எண்ணும் முறையில், கணக்கிட வேண்டியிருந்தது. கதிரைப் பாதியாக்கும் தடிமன், அதாவது அரைத்தடிமன், சுமார் 6 செ.மீ. என்றால் மொத்தம் 20 அரைத்தடிமன். நேராகக் கடந்துவருவது பத்து லட்சத்தில் ஒன்று. துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை, பிழை பாதியாக நாலு மடங்கு நேரம் பிடிக்கும்.

கைகொடுத்தது பிளவுபடுத்தல். சுவரை 6 செ.மீ. அடுக்குகளாக வெட்டி, உள்ளே போகப் போக அடுக்கின் முக்கியத்துவ எண்ணை (துகளை எத்தனையாகப் பிரிப்பது என்பதைத் தீர்மானிப்பது) 2 மடங்காக்கினேன். முன்னேறும் துகள் இரண்டாகும், எடை (கணக்கில் அது எத்தனை துகளுக்குச் சமம் என்ற எண்) பாதியாகும். திரும்பும் துகளில் பாதி ரஷ்யன் ரூலெட் என்ற குலுக்கலில் சாகும், பிழைத்தது இரட்டை எடையோடு போகும். ஆனால் சிதறிய கதிரும் சேர்வதால் உண்மைத் தணிவு அடுக்குக்குப் பாதி என்பதைவிட மெதுவு. அப்படியே விட்டால் பின் அடுக்குகளில் துகள் பெருகி நேரத்தைத் தின்றுவிடும். சின்ன ஓட்டம் ஒன்று விட்டு, அடுக்குவாரி எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகும்வரை அடுத்தடுத்த அடுக்குகளின் முக்கியத்துவ விகிதத்தைக் குறைத்தேன். எப்படியும் அந்த விகிதம் 4-க்கு மேல் தாவக் கூடாது.

சார்புப் பிழையின் வர்க்கத்தைக் கணினி நேரத்தால் பெருக்கித் தலைகீழ் எடுத்தால் ஃபிகர் ஆஃப் மெரிட், கணக்கின் திறனைக் காட்டும் எண். ஓட்டம் நெடுக அது நிலையாக நிற்க வேண்டும். பொசுக்கென்று சரிந்தால் பெரிய எடையோடு ஏதோ ஒரு துகள் நுழைந்திருக்கிறது, பெரும்பாலும் சுவரில் உள்ள குழாய்த் துளை வழியாக. அங்கே எடைச் சாளரம் வையுங்கள், அதாவது எடை மேல் வரம்பைத் தாண்டினால் துகளைப் பிளந்து, கீழ் வரம்புக்குக் கீழே போனால் ரூலெட்டில் விடும் ஏற்பாடு. மேல் வரம்பு கீழ் வரம்பின் 5 மடங்கு, மூலத் துகளின் எடை அதற்குள் அடங்க வேண்டும்.