பூல் லைட்டில் பல்பு மாற்றுவது: கேஸ்கட்டில்தான் கண் இருக்க வேண்டும்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ரிசார்ட்டுகளிலும் அடுக்ககங்களிலும் நீச்சல்குள மின்வேலை பார்க்கிறேன். தண்ணீருக்கடியில் ஒரு விளக்கு எரியவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "தண்ணியை எப்போ இறைக்கணும்?" என்றுதான். இறைக்கவே வேண்டாம். அதிலும் கடற்கரை ஓரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே தூக்கி விரிசல் விட வைக்கும். விளக்குக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டி வைத்திருப்பதே அதை மேலே தூக்கிக் கரையில் வைத்து வேலை செய்யத்தான்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். தகட்டில் 230 வோல்ட் உள்ளே, 12 வோல்ட் வெளியே என்று இருக்க வேண்டும். விளக்குக்கு நேராக 230 போகிறது என்று தெரிந்தால் பல்பு மாற்றும் பேச்சே வேண்டாம். அந்த லைனை நிறுத்திவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ஆள் குளிக்கும் தண்ணீருக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் ஏசி மின்சாரம் போகக்கூடாது. இதில் சமரசமே கிடையாது.

பல்புதான் போயிற்றா என்று பார்க்க, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே வரும் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பாதீர்கள், 12 வோல்ட்டுக்கு அது எரியாது. மீட்டரில் 12 வந்தால் பல்போ ஒயரோ கோளாறு. ஒன்றும் வராவிட்டால் கோளாறு பேனலில்தான், குளத்தில் கை வைக்கத் தேவையில்லை.

அப்புறம் பேனலில் அந்த லைனுக்கான பிரேக்கரை, அதாவது எம்.சி.பி.யை, அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பல இடங்களில் பூல் லைட் டைமரில் ஓடுகிறது, சாயங்காலம் ஆனதும் தானாகப் போட்டுவிடும். பேனலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் யாரும் இருக்கக்கூடாது.

விளக்கு பெரும்பாலும் நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும். கரையில் குப்புறப் படுத்தால் கை எட்டும். விளக்கைச் சுற்றியுள்ள வளையத்தின் உச்சியில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். கை ஸ்க்ரூடிரைவரால்தான் கழற்ற வேண்டும். டிரில் மெஷினைத் தண்ணீர் அருகே கொண்டுவராதீர்கள். மேல்பக்கத்தை முன்னால் இழுத்தால் அடியில் உள்ள கொக்கி விடுபடும். கரையில் துண்டு விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

திறப்பதற்கு முன் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பல்பு தானாகப் போகவில்லை, கசிவு கொன்றிருக்கிறது.

பழைய வகையில் இருப்பது பார்-56 (PAR56) என்ற அளவு பல்பு, 300 வாட். குறுக்களவு சுமார் 7 அங்குலம். இரண்டு ஒயரும் பின்னால் ஸ்க்ரூவில் முடுக்கியிருக்கும். 300 வாட் பல்பு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும் என்பதால், முடுக்கு கொஞ்சம் தளர்ந்தாலே அந்த இடம் கருகிவிடும். கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்குங்கள். எல்இடி போடுவதானால் ஏசியா டிசியா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எலக்ட்ரானிக் வகையாக இருந்தால், குறைந்த வாட் எல்இடி அதில் சிமிட்டக்கூடும்.

இனி கேஸ்கட், அதாவது கண்ணாடி விளிம்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். இந்த வேலையின் உயிரே இதுதான். பழைய கேஸ்கட்டை விரலால் தடவினால் கண்ணாடி விளிம்பு அழுத்திய பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் இன்னொரு முறை அதே இடத்தில் உட்காராது. "நல்லாத்தானே இருக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; திறந்தால் புதுசு போட வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், கேஸ்கட் உட்காரும் விளிம்பில் தலைமுடி கனத்துக்கு வெள்ளைப் படிவு இருக்கும். அந்த ஒரு கோடு போதும், தண்ணீர் உள்ளே வர. வினிகர் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். பிளேடால் சுரண்டினால் கீறல் விழும், கீறல் வழியாகவும் கசியும். மேலே சிலிக்கான் பேஸ்ட் பூசி அடைப்பதும் வேண்டாம், அடுத்த முறை திறக்கவே முடியாது.

மூடும்போது ஒரு ஸ்க்ரூ, அடுத்து அதற்கு நேர் எதிர் ஸ்க்ரூ என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் விளக்கை முழுக்க அமுக்கிப் பிடியுங்கள். மேலே ஒட்டியிருக்கும் காற்று போன பிறகும் ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் திரும்பத் திறக்க வேண்டியதுதான். காற்றில் வைத்து எரியவிட்டுப் பார்க்காதீர்கள். 300 வாட் சூட்டைத் தணிப்பது குளத்துத் தண்ணீர்தான்.

ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்து, அடிக்கொக்கியை மாட்டி, மேல் ஸ்க்ரூவை முடுக்கி, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு, குளத்தில் ஆளில்லாமல் விளக்கைப் போடுங்கள்.

சில நாள் கழித்துக் கண்ணாடிக்குள் ஆவி படிந்தாற்போல் தெரிந்தால் மறுபடி கழற்றுங்கள். கேஸ்கட் சரியாக இருந்தும் ஈரம் வந்தால் ஒயர் நுழையும் இடத்தில்தான் கசிவு. அதற்குப் புது விளக்கேதான் வழி. பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டிக் குழாய் வழியாக ஜங்ஷன் பாக்ஸ் வரை இழுங்கள். தண்ணீருக்குள் ஒயரை வெட்டி ஜாயின்ட் போடவே கூடாது.