படபடப்புக்கு எடுத்த ஹோல்டர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

இசிஜி எடுத்து, ஹோல்டரும் (ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) மாட்டிக் கழற்றியாகிவிட்டது, ரிப்போர்ட் கையில் இருக்கிறது, டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் தூக்கம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும், நானும் அதைக் கடந்து வந்தவன்தான்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென இறந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 1: நாடி பாருங்கள்

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்காமல் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், அப்போதுதான் நடுவில் விட்டுப்போவது பிடிபடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு. ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது 'தொம்'மென்று அடித்தால் அது பெரும்பாலும் எக்டோபிக். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துவிடுகிறது, அப்புறம் சின்ன இடைவெளி, அதற்குள் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்பிவிடுவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. எந்த ஒழுங்குமே இல்லாமல் தாறுமாறாக ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: இசிஜி

தாளின் மேலே இருக்கும் வரிகள் மெஷின் தானாக அடித்தவை. 'அன்கன்ஃபர்ம்ட்' என்று இருந்தால் அதை இன்னும் எந்த டாக்டரும் பார்த்து உறுதி செய்யவில்லை. 'சைனஸ் அரித்மியா' பெரும்பாலும் மூச்சோடு சேர்ந்து துடிப்பு கூடிக் குறைவதுதான், இளம் வயதில் சகஜம்.

படி 3: ஹோல்டர்

பலரும் பதறுவது இங்கேதான். 'விஇ 2,400' என்று பார்த்ததும் கை நடுங்கும். விஇ என்றால் இதயத்தின் கீழறையிலிருந்து வரும் எக்டோபிக் துடிப்பு. அந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது, மேலேயே மொத்தத் துடிப்பு என்று ஒன்று இருக்கும், 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் வரும். மொத்தம் 1,04,000 என்றால் 2,400 என்பது 2.3 சதவீதம். பத்து சதவீதத்தைத் தாண்டும்போதுதான், இந்த அதிகப்படித் துடிப்புகளாலேயே இதயம் பலவீனப்படுமோ என்று டாக்டர்கள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். ஆனால் சதவீதம் குறைவு என்று அதோடு விட்டுவிடவும் முடியாது, இதயத்தின் அமைப்பு நன்றாக இருக்கிறதா என்பதை எக்கோதான் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) சொல்லும். விஇ மூன்றோ அதற்கு மேலோ தொடர்ந்து வேகமாக வந்திருந்தால் 'விடி' (கீழறையிலிருந்து தொடர்ந்து வரும் வேகத் துடிப்பு) என்று போட்டிருக்கும், அது இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்து கேளுங்கள். ராத்திரி 3 மணிக்கு துடிப்பு 45 என்று இருப்பது தூக்கத்தில் வருவதுதான்.

அடுத்து, படபடத்த நேரத்தையும் பதிவையும் பொருத்திப் பாருங்கள். ஹோல்டர் மாட்டியிருந்தபோது 4.10-க்குப் படபடத்தது என்று நீங்கள் குறித்துவைத்திருந்து, பதிவில் 4.10-க்கு வெறும் சைனஸ் ரிதம்தான் (இதயத்தின் இயல்பான ஒழுங்கு) என்றால் அதுவே பெரிய தகவல். இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம், சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும்தான் என் சிபாரிசு.

படி 4: ரத்தப் பரிசோதனை

ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான பரிசோதனை), பொட்டாசியம் மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். காபி, சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எக்கோவில் 'ட்ரிவியல் டிஆர்' (இதயத்தின் ஒரு வால்வில் மிகச் சின்னக் கசிவு) என்று வருவது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு.

பின்சேர்க்கை: விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் துடிப்பை 40 என்று காட்டுகிறது என்று சிலர் பயந்து எழுதியிருந்தார்கள். எக்டோபிக் துடிப்பு வலு குறைந்தது, விரல்வரை எட்டாமல் போகலாம், கருவி அதை எண்ணாமல் விட்டுவிடும். இசிஜி எடுத்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும், கூடவே தலைசுற்றினால் உடனே போய்விடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் இசிஜி ரிதம் பார்க்க நன்றாக உதவும், ஆனால் மாரடைப்பை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று: மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், படபடப்பு நின்றுவிட்டது என்று நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள், துடிப்பு முன்பைவிட எகிறலாம். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.