ஷோகேஸ் பொம்மையைத் தெருப் படமாக்குவது எப்படி

துணிக்கடை ஷோகேஸுக்கு நேர் எதிரே நின்று பொம்மையை ஃபிரேம் நிறைய எடுத்தால் கிடைப்பது கடையின் விளம்பரம்தான். பொம்மைக்கு உடுத்தி, கையைத் திருப்பி வைத்து, ஸ்பாட் லைட்டைச் சாய்த்தவர் வேறொருவர். அவர் வேலையை நாம் நகலெடுக்கிறோம், அவ்வளவே. அது தெருவின் தற்செயலான தருணத்தைப் பிடிக்கும் தெருப் படமாக வேண்டுமென்றால் அவர் கணக்கில் இல்லாத ஒன்று உள்ளே நுழைய வேண்டும். பெரும்பாலும் அது பொம்மையின் பின்பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் கண்ணாடியில் விழும் தெருவில், அல்லது முன்னால் கடந்துபோகிற ஆளிடம்.

கேமராவைத் தூக்கும் முன் ஷோகேஸின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள மூலைக் கடை கிடைத்தால் விடாதீர்கள். முன்னாலிருந்து பார்த்தால் தைத்து வைத்ததுபோல் பொருந்தியிருக்கும் சட்டை, பக்கவாட்டுக்கு வந்தால் வேறு கதை சொல்லும்: முதுகில் துணியை இழுத்துப் பிடித்து வரிசையாகக் கிளிப்போ குண்டூசியோ போட்டிருப்பார்கள். மணிக்கட்டில் கை கழன்று மாட்டும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். சரியாகப் பூட்டாத கையில் கட்டைவிரல் எசகுபிசகாகத் திரும்பியிருக்கும். கெண்டைக்காலிலோ பாதத்திலோ இரும்புக் கம்பி ஏறியிருக்கும். மிடுக்கான முகமும் முதுகுக் கிளிப்பும் ஒரே ஃபிரேமில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஷோகேஸ் மாற்றும் நாள் இன்னும் நல்லது. உடை கழற்றிய பொம்மைகள், பிளாஸ்டிக் உறை போர்த்தியவை, தரையில் குவித்த கைகள், இடுப்போடு கழற்றி வைத்த கால்கள் எல்லாம் அன்று கண்ணில் படும். சீசன் முடிவில், தள்ளுபடி தொடங்கும் முன், கடை மூடிய பிறகு, திறப்பதற்குச் சற்று முன் போய்ப் பாருங்கள். சில மணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

பொம்மையின் வகையைப் பார்த்து உத்தியை மாற்ற வேண்டும். விக் வைத்து, இமைமுடி ஒட்டி, கண் வரைந்த பொம்மைக்குப் பார்வை உண்டு. அது எங்கே பார்க்கிறதோ அந்தக் கோட்டில் ஒரு மனிதர் வரும்வரை காத்திருக்கலாம். முட்டைபோல் மொழுமொழுவென்ற முகத்துக்கு அந்த வசதி இல்லை. அதன்மேல் எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னலோ நடப்பவரின் முகமோ பிம்பமாக விழ வேண்டும். தலையே இல்லாத பொம்மைதான் எல்லாவற்றிலும் வளமானது. கழுத்துக்கு மேலே காலியிடம் இருக்கிறது. தெருவிளக்கு, கடிகாரம், மரத்தின் உச்சி, போக்குவரத்துச் சிக்னல் என எதையும் அங்கே உட்கார வைக்கலாம்.

உட்கார வைக்க ஒரு கணக்கு உண்டு. கண்ணாடியில் தெரியும் தெருவிளக்கு, கண்ணாடியில் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஆகவே நீங்கள் நகரும் பக்கமே பிம்பமும் பொம்மையைவிட்டு நகரும். விளக்கு கழுத்துக்கு இடப்பக்கம் நின்றால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். மேலே மிதந்தால் முழங்காலை மடக்கிக் கீழிறங்க வேண்டும். பொம்மை உங்களிடமிருந்து இரண்டரை மீட்டரிலும் விளக்கின் பிம்பம் பதின்மூன்று மீட்டருக்கு அப்பாலும் இருந்தால், 20 செ.மீ. விலகலைச் சரிசெய்ய ஏறக்குறைய 25 செ.மீ. நகர்ந்தால் போதும். ஓரடி எடுத்து வைத்தால் தாண்டிவிடும். கால்களை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் சாய்ப்பது நல்லது.

பாரிஸில் 1925-இல் புகைப்படக் கலைஞர் யூஜீன் அட்ஜே கோப்ளேன் அவென்யூவின் துணிக்கடை ஜன்னல்களை எடுத்த படங்களில் இதுதான் நடக்கிறது. கோட்டு சூட்டு மாட்டிய ஆண் பொம்மைகளுக்கு நடுவே எதிர்ப்பக்கத்து மரங்களும் கட்டடமும் கலந்து, கடை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று புரியாமல் போகும். அவரிடம் இருந்தது முக்காலியில் நிறுத்தும் மரக்கேமராவும் கண்ணாடித் தகடுகளும்தான்.

கண்ணாடி என்ன செய்கிறது

நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்பும் சேர்ந்து 8 விழுக்காடு, அதாவது சுமார் மூன்றரை ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). தெரு, ஷோகேஸின் உட்புறத்தைவிட மூன்றரை ஸ்டாப் வெளிச்சமாக இருந்தால் பிம்பமும் பொம்மையும் சமபலத்தில் தெரியும். உச்சி வெயிலில் தெரு ஆறேழு ஸ்டாப் கூடிவிடுவதால் பொம்மை காணாமல் போகும். இரவில் ஷோகேஸ் ஜெயித்துவிடும், தெரு மறையும். மாலையில் வெளிச்சம் குறைந்துவரும்போது ஒரு கட்டத்தில் இரண்டும் கைகோக்கும். மேகமூட்டமான பகலும் சில கடைகளுக்குப் பொருந்தும். சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருந்தால் பொம்மையின் உடையையும் எதிர்ப்பக்கத்துச் சுவரையும் அளந்து பார்த்தாலே எது ஜெயிக்கும் என்று தெரிந்துவிடும்.

பிம்பத்தில் வெளிச்சமான பொருள் திரைபோல் மறைக்கும், இருண்ட பொருள் ஓட்டைபோல் திறக்கும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. வெள்ளை வேன் கடந்தால் ஷோகேஸ் முழுக்க வெளுத்துப்போகும். கரிய பேருந்து கடந்தால் இரண்டு நொடிக்குப் பிம்பம் விலகி, பொம்மை பளிச்சென்று எழுந்து நிற்கும். பேருந்தின் நிழல் பாதி ஷோகேஸை மட்டும் மூடும் அந்தத் தருணத்துக்கே காத்திருக்கலாம். நீங்கள் கருப்புச் சட்டை போட்டிருந்தால் உங்கள் உருவமும் ஓட்டைதான். அதற்குள் பொம்மை தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் எல்லாப் படத்திலும் பேய்போல் நிற்பீர்கள்.

உங்கள் பிம்பம் எப்போதும் நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கண்ணாடியில் விழும். கண்ணாடிக்குச் சாய்வாக நின்றால் அது ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். நேராகவே எடுக்க வேண்டுமானால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் நன்றாக ஒளியூட்டிய வெள்ளை உடையோ பதாகையோ இருக்குமாறு நில்லுங்கள். வெளிச்சத்தில் உங்கள் பிம்பம் கரைந்துவிடும்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறார்கள். நேராக நின்றால் அது பிம்பத்தைக் குறைக்காது, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை மட்டும் தின்னும். கண்ணாடிப் பரப்புக்கும் லென்ஸின் திசைக்கும் இடையே 34 டிகிரி அளவுக்குச் சாயும்போதுதான் முழு வேலை செய்யும். சூடாக்கி வலுவூட்டிய டெம்பர்டு கண்ணாடியில் வானவில் திட்டுகளோ கரும்புள்ளிகளோ தெரிந்தால் அது லென்ஸின் கோளாறல்ல, கண்ணாடியில் உள்ள இறுக்கம். எப்படியும் இந்த வேலையில் பிம்பத்தை முழுக்கத் துடைப்பது படத்தின் உயிரைத் துடைப்பதுபோலத்தான். மாட்டியே தீர வேண்டுமானால் பாதி மட்டும் திருப்பிப் பாருங்கள். பிம்பமே வேண்டாத அபூர்வமான நேரத்தில் ரப்பர் லென்ஸ் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுப்பது எளிது.

இரட்டைக் கண்ணாடி போட்ட கடைகளில் பிம்பத்தின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரியும். அதை எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாது. கோணத்தை மாற்றுங்கள், அல்லது வேறு கடை பாருங்கள்.

ஃபோகஸ்

கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டரில் நீங்கள், உள்ளே ஒரு மீட்டரில் பொம்மை என்றால் பொம்மைக்கான தூரம் இரண்டரை மீட்டர். எதிர்ப்பக்கச் சுவர் கண்ணாடியிலிருந்து 12 மீட்டர் என்றால் அதன் பிம்பத்துக்கான தூரம் பதின்மூன்றரை மீட்டர். இரண்டும் கூர்மையாக வேண்டுமானால் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 28 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 8, ஃபோகஸ் 3.3 மீட்டரில் வையுங்கள். சுமார் 1.7 மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவு கிடைக்கும். 35 மி.மீ. லென்ஸில் எஃப் 11, ஃபோகஸ் 3.7 மீட்டர் என்றால் 1.9 மீட்டரிலிருந்து தொடங்கும். கண்ணாடியில் உள்ள தூசும் கைரேகையும் இதைவிட அருகில் இருப்பதால் மங்கலாகவே விழும். கண்ணாடிக்கு மிக அருகில் போனால் ஒளித்திட்டாகப் பரவும்.

முகம் கண்டறியும் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். கேமராவுக்கு மனிதர் யார், பொம்மை யார் என்று தெரியாது. முன்னால் நடப்பவர்மேல் ஃபோகஸ் வேண்டிய நொடியில் அது பொம்மையின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. மேனுவலில் தூரத்தை நிறுத்திக்கொள்வதே நிம்மதி. ஆட்டோ வேண்டுமென்றால் ஒற்றைப் புள்ளியை விலைச்சீட்டின் விளிம்பில் வையுங்கள். வெற்றுக் கண்ணாடியில் அது தடுமாறும்.

நடந்துபோகிறவர்

பொம்மையும் மனிதரும் ஒரே இனம்போல் தெரிய வேண்டுமானால் அளவு நெருங்கி வர வேண்டும். கண்ணாடிக்கு வெளியே ஒரு மீட்டரில் மனிதர், உள்ளே ஒரு மீட்டரில் பொம்மை. மனிதரிடமிருந்து இரண்டு மீட்டரில் நின்றால் பொம்மை அவர் அளவில் பாதியாகத் தெரியும். எட்டு மீட்டர் தள்ளிப் போனால் ஐந்தில் நான்கு பங்காகிவிடும். எனவே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் 50 அல்லது 85 மி.மீ. லென்ஸில் எடுங்கள். பொம்மைகள் பெரும்பாலும் மேடைமேல் நிற்பதால் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் தலைகள் ஒரே வரிசைக்கு நெருங்கி வரும். நடப்பவரை உறைய வைக்க 1/250 நொடி. அதற்கு நேர்மாறாக, ஏதாவது கம்பத்தில் சாய்ந்துகொண்டு 1/15-இல் எடுத்தால் உயிருள்ளவர் கரைந்துபோவார், உயிரில்லாதது கல்லாக நிற்கும்.

ஒரே இடத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். பொம்மையின் கை எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறதோ அதே கோணத்தில் போனைக் காதில் வைத்து யாராவது வருவார்கள். கடை கடையாக ஓடினால் அது கிடைக்காது.

கடை விளக்குகள் எல்.இ.டி. என்றால் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/125 பாதுகாப்பு. 1/250 தேவைப்பட்டால் நாலைந்து முறை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 4,000 கெல்வினில் நிறுத்தினால் ஷோகேஸ் லேசாக மஞ்சளாகவும் அந்தித் தெரு நீலமாகவும் பிரிந்து நிற்கும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம். எக்ஸ்போஷரைப் பொம்மையின் உடையில் வெள்ளை வெந்துபோகாத (விவரமின்றி வெளுத்துப்போகாத) அளவுக்கு வையுங்கள். இருட்டை ரா ஃபைலிலிருந்து (கேமராவின் சுருக்கப்படாத மூலக் கோப்பு) தூக்கலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது.

நடைபாதையில் முக்காலி விரிக்காதீர்கள், வழி மறிப்பதாகச் சண்டை வரும். கடை ஊழியர் வந்து கேட்டால் கேமரா திரையில் படத்தைக் காட்டிவிடுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஷோகேஸ் வழியே உடை மாற்றும் அறையின் திரையோ உள்ளே துணி போட்டுப் பார்ப்பவரோ தெரிந்தால் அந்தக் கோணத்தையே விட்டுவிடுங்கள். பொது இடத்தில் ஆட்களைப் படமெடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வெளியிடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடிட் செய்யும்போது மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை அதிகம் தள்ள வேண்டாம். மூடுபனி விலகுவதோடு பிம்பமும் விலகிவிடும். கருப்பை மட்டும் கொஞ்சம் அழுத்தினால் போதும். ஓரங்களில் கடைப்பெயரின் எழுத்து அரைகுறையாக வெட்டுப்பட்டிருந்தால் முழுதாக உள்ளே விடுங்கள், அல்லது முழுதாக வெட்டுங்கள். அரை எழுத்து இருந்தால் கண் முதலில் அதைத்தான் படிக்கப் போகும், பொம்மையிடம் வராது.