ரோமும் ஆதிச் சபையும்: எழுதத் தொடங்குவோர் விழும் குழிகள்

ஆதிக் கிறிஸ்தவம் பற்றிப் புதியவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. பெயரைப் பிழையாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முன் யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணுக்கும் தவறாகவே தெரியாமல் அச்சேறிவிடுபவைதான் என்னைப் படுத்துகின்றன. அப்படிப்பட்ட தவறுகளையே கீழே தலைப்புகளாகத் தருகிறேன்.

கொலோசியத்தில் நீரோ

பேரரசர் நீரோ ரோமின் கொலோசியம் அரங்கில் கிறிஸ்தவர்களைக் கொன்றதாக எழுதுகிறார்கள். நீரோ இறந்தது கி.பி. 68இல். கொலோசியம் திறக்கப்பட்டது 80இல்.

முந்நூறு ஆண்டுகள் இடைவிடாத வேட்டை

ரோம் கிறிஸ்தவர்களை முந்நூறு ஆண்டுகள் விடாமல் வேட்டையாடியது என்ற இந்த ஒரு வரி வந்துவிட்டால் கட்டுரையில் மற்ற எதுவுமே பொருந்தாது. ஆனாலும் வராத கட்டுரை அபூர்வம்.

அண்மையில் ஓர் இளைஞர் கொடுத்த கட்டுரையில், பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினியின் வீரர்கள் கிறிஸ்தவர்களைத் தேடி வீடு வீடாகக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். "இது எங்கே வருகிறது, தம்பி?" என்று கேட்டேன். "தேடாமல் எப்படி ஐயா பிடித்திருப்பார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் அவர் மேற்கோள் காட்டிய கடிதத்திலேயே இருந்தது. அவர் பாதியோடு நிறுத்தியிருந்தார்.

ஏறத்தாழ 112இல் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் அது. கிறிஸ்தவர்களை எப்படி விசாரிப்பது என்றே தமக்குத் தெரியாது என்றுதான் தொடங்குகிறார். ஊர்க்காரர்கள் குற்றம் சாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியவர்களை அவர் மூன்று முறை கேட்டார். விடாப்பிடியாக ஒப்புக்கொண்டவர்களைக் கொல்ல ஆணையிட்டார். மறுத்து, தெய்வங்களை வேண்டி, பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைத்தவர்களை விட்டுவிட்டார். டிராஜனின் பதில் சில வரிகள்தான்: அவர்களைத் தேடிப் போக வேண்டாம், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கலாம், மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம், பெயரில்லாத புகார்களை ஏற்கக் கூடாது.

வேட்டை நடந்துகொண்டிருந்தால், அனுபவமுள்ள ஓர் ஆளுநர் நடைமுறை தெரியாமல் ஏன் விழிக்க வேண்டும்? 64இல் ரோம் எரிந்தபோது நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழி போட்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்வதும் அந்த நகரத்தில் நடந்த கொடுமையைத்தான். பேரரசு முழுவதற்குமான ஆணை என்று ஒன்று வர, அங்கிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அதைப் பிறப்பித்தவர் பேரரசர் டேசியஸ். குடிமக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றார். எகிப்தில் கிடைத்த அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்களில் ஒன்று, முதலைத் தெய்வத்தின் கோயிலில் பூசை செய்த பெண்ணுடையது. கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்த ஆணையாக இருந்தால் அவருக்கு எதற்குச் சான்றிதழ்? (எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. எந்தக் கட்டுரையிலும் இடம்பெறுவதில்லை.)

பேரரசர் வலேரியன் காலத்தில் அடி நேராகவே ஆயர்கள்மேல், அதாவது சபைத் தலைவர்கள்மேல், விழுந்தது. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் 258இல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆனால் வலேரியனின் மகன் கல்லியேனஸ் 260இல் கலாபனையை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவதை, நிறுத்தி, வழிபாட்டு இடங்களைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் அமைதி. அந்தியோக்கியாவில் நீக்கப்பட்ட ஆயர் ஒருவர் சபையின் வீட்டைக் காலி செய்ய மறுத்தபோது, கிறிஸ்தவர்கள் பேரரசர் அவுரேலியனிடமே முறையிட்டார்கள். அவரும் தீர்ப்புச் சொன்னார். நிக்கோமீடியா நகரில் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் ஒரு தேவாலயம் நின்றது. 303 பிப்ரவரி 23 அன்று அதை இடித்துத்தான் பெருங்கலாபனை தொடங்கியது. முந்நூறு ஆண்டும் ஒரே இருட்டு என்று எழுதியவர், அந்தக் காலை நேரத்து அதிர்ச்சியை எப்படிச் சொல்லப் போகிறார்?

கலாபனையே கட்டுக்கதை

அதே இளைஞர் திருத்திக் கொண்டுவந்த படியில் இப்படி எழுதியிருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன். தேட வேண்டாம் என்ற டிராஜன், மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கச் சொல்கிறாரே! கிறிஸ்தவன் என்ற பெயரே உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் போதும். டைபர் நதி பெருகினாலும் நைல் பெருகாவிட்டாலும், பஞ்சம் வந்தாலும் கொள்ளைநோய் வந்தாலும், 'கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு' என்று கூச்சல் எழுவதாக அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கசப்போடு எழுதினார். 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோதும் முதலில் பொங்கியது ஊர்க் கூட்டம்தான். அரசு ஆண்டு முழுவதும் துரத்தவில்லை என்பதால் அவர்கள் நிம்மதியாக உறங்கினார்கள் என்று ஆகிவிடாது.

நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள்

அவை இடுகாடுகள். நகருக்குள் பிணம் புதைக்க ரோமச் சட்டம் அனுமதிக்கவில்லை. எனவே ஆப்பியா சாலை போன்ற நெடுஞ்சாலைகளை ஒட்டி, மென்பாறையைக் குடைந்தார்கள். யூதர்களுக்கும் அப்படிப்பட்ட கல்லறைகள் இருந்தன. இறந்தோரின் நினைவுநாளில் அங்கே கூடினார்கள், குடியிருக்கவில்லை.

கான்ஸ்டன்டைன் அரச மதமாக்கினார்

313இல் பேரரசர் கான்ஸ்டன்டைனும் இணைப் பேரரசர் லிசினியஸும் கொடுத்தது எல்லாச் சமயத்தாருக்குமான வழிபாட்டு உரிமை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கலாபனையை முன்னின்று நடத்திய பேரரசர் கலேரியஸ் சாகக் கிடந்த நிலையில் கிறிஸ்தவர்களுக்குச் சட்டப்படி இடம் கொடுத்துவிட்டார். அவரை யாரும் நினைப்பதில்லை. குடிமக்கள் நைசியாவில் கூடிய ஆயர்களின் சங்கம் வகுத்த விசுவாசத்தையே பின்பற்ற வேண்டும் என்ற ஆணை 380இல் பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் வந்தது.

நைசியாவில் வாக்கெடுத்து விவிலிய நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள்

இல்லை. 325இல் அங்கே, கிறிஸ்து கடவுளுக்குச் சமமல்லர் என்ற ஆரியுஸின் போதனையையும் ஈஸ்டர் நாளையும் பற்றி விவாதித்தார்கள். அந்தச் சங்கம் விட்டுச்சென்ற இருபது விதிகளிலும் விவிலிய நூற்பட்டியல் கிடையாது.