ஸ்கூல் கட்டும்போது பசங்களையும் டீச்சர்களையும் கேட்கிறோம்னு சொல்லி எங்க சொதப்புறாங்க

பெரும்பாலும் நடக்குறது இதுதான். பிளான் போட்டாச்சு, பட்ஜெட் ஓகே ஆச்சு, கான்ட்ராக்டும் கொடுத்தாச்சு, அதுக்கப்புறம் ஒரு நாள் பசங்களை ஹால்ல உட்கார வச்சு கலர் பென்சில் கொடுத்து "உங்க கனவுப் பள்ளியை வரைங்க"ன்னு சொல்லுவாங்க, அவங்களும் நீச்சல் குளம், ராக்கெட் ஷேப்ல லைப்ரரின்னு வரைவாங்க, அதை சுவத்துல ஒட்டி போட்டோ எடுத்தா மேட்டர் முடிஞ்சுது. பசங்க முடிவு பண்ண மிச்சம் இருக்கிறது பெயிண்ட் கலர் மட்டும்தான். பிள்ளைங்க பங்கேற்பை பத்தி ஆராய்ச்சி பண்ண ரோஜர் ஹார்ட், 1992ல யூனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரைல அதை 8 படி ஏணியா காட்டினார். அதுல கீழ இருக்கிற 3 படி, அதாவது நம்ம வசதிக்கு ஆட்டி வைக்கிறது, அலங்காரத்துக்கு நிக்க வைக்கிறது, பேருக்கு சேர்த்துக்கிறது, இதெல்லாம் பங்கேற்பே இல்லைன்னுட்டார். மேல சொன்ன ஹால் மேட்டர் அங்கதான் வரும்.

கூப்பிடணும்னா எத்தனை ரூம், எது எங்கன்னு பேசுற ஸ்டேஜ்லயே கூப்பிடணும். கேள்வியும் மாறணும். "என்ன வேணும்"னு கேட்டா எங்கயோ பார்த்ததைத்தான் சொல்லுவாங்க. இப்ப இருக்கிற கட்டடத்துல எந்த இடத்துக்கு தனியா போக பயமா இருக்கு, எந்த டாய்லெட்டுக்கு போகாம அடக்கிக்கிற, சாப்பிட எங்க உட்காருற, ஏன் அங்க, இப்படி கேட்டா கொட்டும் பாருங்க. பெரியவங்க கண்ணுல படாத மாடிப்படி மூலை, டாய்லெட் பக்கம், இதுலதான் வம்பு நடக்கும்னு பசங்களுக்கு நல்லா தெரியும், ஆர்க்கிடெக்ட்டுக்கு தெரியாது. சின்னப் பிள்ளைங்கன்னா பேச வைக்கிறதை விட கையில கேமரா கொடுத்து அவங்களையே நமக்கு ஸ்கூலை சுத்திக் காட்ட சொல்றது பெட்டர்.

இன்னொண்ணு, பிளான் ஷீட்டை நீட்டி "எப்படி இருக்கு"ன்னு கேக்கிறது. பசங்க மட்டும் இல்ல, நிறைய டீச்சர்களுக்கும் அந்த கோடெல்லாம் புரியாது, ஆனா புரியலைன்னு யாரும் வாய் திறக்க மாட்டாங்க, எல்லாரும் தலையாட்டிட்டு போயிடுவாங்க. கிரவுண்ட்ல சுண்ணாம்புல ரூமோட நிஜ அளவுக்கு கோடு போட்டு பெஞ்சு போட்டு உட்கார வையுங்க, இடம் பத்தாதுன்னா அப்பவே தெரிஞ்சிடும்.

யாரை கூப்பிடுறீங்கன்றதும் பெரிய விஷயம். நல்லா பேசுற லீடர் பசங்க மட்டும் வந்தா வீல்சேர்ல வர்ற பிள்ளை, காது சரியா கேக்காத பிள்ளை, கூச்சப்படுற பிள்ளை எல்லாரும் விட்டுப் போயிடும். டீச்சர்ஸ் மீட்டிங்ல ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தா உண்மை வெளியே வராது, டீச்சர்களை தனியா கேளுங்க. தினமும் கிளீன் பண்றவங்களையும் கேட்டா தப்பில்ல, எங்க தண்ணி தேங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

டீச்சர்களை கேக்காம விட்டா என்ன ஆகும்னா, 1960-70கள்ல அமெரிக்கா, இங்கிலாந்துல எல்லாம் கிளாஸுக்கு நடுவுல சுவரே இல்லாத ஓபன் பிளான் ஸ்கூல் நிறைய கட்டினாங்க. ஐடியா என்னவோ நல்ல ஐடியாதான், ஆனா நிறைய இடத்துல பக்கத்து கிளாஸ் சத்தம் தாங்க முடியல, அந்த இடத்துல எப்படி பாடம் எடுக்கணும்னு சரியான பயிற்சியும் இல்ல, டீச்சர்களே பீரோ, புக் ஷெல்ஃப், போர்டெல்லாம் இழுத்துப் போட்டு மறைச்சுக்கிட்டாங்க, அப்புறம் நிறைய ஸ்கூல்ல நிஜமாவே சுவர் வச்சுட்டாங்க. அதனால டீச்சர்ட்ட அலமாரி எத்தனை வேணும்னு மட்டும் கேட்டு நிறுத்தாம, பாடம் எப்படி எடுக்கிறீங்க, எப்படி எடுக்க ஆசைன்னு கேட்டு, இருக்கிற ஒரு ரூமை மாத்தி ஒரு டெர்ம் ஓட்டிப் பார்க்கலாம்.

எதை மாத்த முடியாதுன்றதையும் ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க. தீ விபத்துன்னா வெளியேறுற வழி, தூண் நிக்கிற இடம், பணம், இதெல்லாம் பேரம் பேச முடியாது. கேட்ட பிறகு எதை எடுத்துக்கிட்டீங்க, எதை எடுத்துக்கல, ஏன்னு திரும்ப வந்து சொல்லணும், இல்லைன்னா அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டாங்க. கட்டி முடிக்கிறதுக்குள்ள ஐடியா கொடுத்த பெரிய கிளாஸ் பசங்க ஸ்கூலை விட்டே போயிருப்பாங்க, அதனால சின்ன கிளாஸ் பசங்களையும் சேருங்க, பை மாட்ட கொக்கி, நிழல்ல ஒரு பெஞ்சுன்னு உடனே முடியிறதை உடனே பண்ணிடுங்க.

திறப்பு விழாவோட டிசைன் டீம் காணாம போறது கடைசி தப்பு. ஒரு வருஷம் கழிச்சு போய் பாருங்க. ஜன்னல் கண்ணாடில பேப்பர் ஒட்டி மறைச்சிருந்தா கோபப்படாதீங்க, போர்டுல வெயில் அடிச்சு எழுத்து தெரியலையா இல்ல வெளிய போறவங்களை பார்த்து பசங்க கவனம் சிதறுதான்னு கேட்டுட்டு வாங்க.