டெலி சூம் லென்ஸை மாத்த முதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற தலங்கம குளத்தடிக்கு சனி, ஞாயிறு விடியக் காலமை போனா கமராவோட நிக்கிற பெடியங்களைக் கட்டாயம் காணலாம். கதைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில அந்தக் கேள்வி வந்திடும். "அண்ணா, என்ட 55-250 ஐக் குடுத்திட்டு நல்ல 70-200 ஒண்டு வாங்கட்டோ?" தூரத்தில இருக்கிறதை இழுத்துக் காட்டுற டெலி சூம் லென்ஸைத்தான் கேக்கினம், அந்த எண்கள் லென்ஸின்ர நீளம், மில்லிமீற்றரில, கூடினா தூரத்தில இருக்கிறது பெரிசா வரும். கையில இருக்கிற லென்ஸால என்ன ஏலும் எண்டு இன்னும் முழுசாப் பாக்கேல்ல, ஆனா மனசுக்குள்ள வாங்கி முடிச்சாச்சு. நாங்க பழகின காலத்தில விட்ட பிழையளை இவையும் அப்பிடியே வரிசையா விடுறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது, அதான் எழுதுறன்.

ஹூட் போட மறக்கிறது, பெட்டரி சார்ஜ் பண்ணாமப் போறது, அதெல்லாம் இங்க இல்லை, ஒருக்கா நடந்தா அடுத்த முறை தானாச் சரிவரும். காசு போற பிழையள் மட்டும்தான்.

படம் ஏன் மங்கலா வருது எண்டு பாக்காமலே லென்ஸில பழி போடுறது

இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் கோவம் வரும். வெள்ளவத்தையில தெரிஞ்ச தம்பி ஒராள், மீன்கொத்தி எண்டால் உயிர், கெனன் கமரா, 55-250 லென்ஸ். படமெல்லாம் மங்கலா வருது எண்டு கவலைப்பட்டவனுக்கு ஆரோ சொல்லியிருக்கினம் மலிவான கிட் லென்ஸ் எண்டா அப்பிடித்தான் எண்டு, யூடியூப்பைத் திறந்தா அங்கயும் கமராப் பொடியை விடு, லென்ஸில காசைப் போடு எண்டுதான் சொல்லுகினம், அவன் என்ன செய்வான், சீட்டுக் காசை எடுத்து, பழைய லென்ஸையும் வித்து, பாவிச்ச 70-200 எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய உள்ளுக்கு வாற ஒளி கூடும்) ஒண்டை வாங்கிப்போட்டான். அதுவும் 1995 இல வந்த, கை ஆட்டத்தைப் பிடிக்கிற ஐஎஸ் இல்லாத மொடல். கொஞ்ச நாளால முகம் வாடிப்போய் வந்து நிக்கிறான், "அண்ணா, இதுவும் மங்கல்தான், லென்ஸ் பழுதோ?"

லப்டொப்பில 100 வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாத்தன். வெண்மார்பு மீன்கொத்தி ஒண்டு கம்பியில இருக்கு. கண்ணில வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி விழும் எல்லோ, அது புள்ளியா இல்லை, சரிவா இழுபட்ட சின்னக் கோடு. அலகின்ர ஓரமும் அதே சரிவில ரெட்டையாத் தெரியுது. லென்ஸ் கூடாதெண்டால் புள்ளி பூத்து ஊதித் தெரியும், இப்பிடி ஒரே பக்கமா இழுபடாது. இது கை ஆடினது. விபரத்தைப் பாத்தா ஷட்டர் திறந்திருந்தது 1/80 செக்கன். பழைய லென்ஸால எடுத்த படங்களையும் திறந்தன், 1/40, 1/60, எல்லாத்திலயும் ஐஎஸ்ஓ, அதாவது கமரா ஒளியை உணருற அளவு, 100. ஐஎஸ்ஓ கூட்டினா படத்தில புள்ளி புள்ளியா வரும் எண்டு பயந்து 100 ஐ விட்டு அசைக்கவே இல்லை. அந்த லென்ஸில ஐஎஸ் இருந்ததால அதிலயாவது சில படம் தப்பியிருக்கு, புதுசு வாங்கினதோட அந்தப் பாதுகாப்பும் போச்சு.

டெலியில கையில வச்சு எடுக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. லென்ஸின்ர நீளத்தை கமராவின்ர குரொப்பால (சென்சர் சின்னனா இருக்கிறதால வாற பெருக்கம்) பெருக்குங்கோ, கெனன் குரொப் கமராவுக்கு 1.6, நிக்கொனுக்கு 1.5. 250 எண்டால் 400, அப்ப ஷட்டர் ஸ்பீட் ஆகக் குறைஞ்சது 1/400 செக்கன். ஐஎஸ் இருந்தா இதைவிடக் குறைக்கலாம்தான், ஆனா ஐஎஸ் உங்கட கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், பறவை தலையைத் திருப்பினா அதுக்கு ஒண்டும் செய்யாது. உயிருள்ள எதுக்கும் 1/800, 1/1000 எண்டு வையுங்கோ, பறக்கிறதுக்கு 1/2000. ஐஎஸ்ஓவை ஓட்டோவில விடுங்கோ. புள்ளி விழுந்த படத்தைப் பிறகு கொஞ்சமாவது திருத்தலாம், ஆடின படத்தைத் திருத்த ஏலாது.

மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை, வடிவாப் பாத்தா படமே காரணத்தைச் சொல்லும். கோடு இழுபட்டிருந்தா கை. பறவையின்ர உடம்பு தெளிவு, செட்டை மட்டும் கலங்கல் எண்டால் ஷட்டர் ஸ்பீட் அதுக்குக் காணாது. கண் மங்கல், ஆனா முன்னால நிக்கிற புல்லு தெளிவு எண்டால் ஃபோகஸ் வேற இடத்தில போயிருக்கு. ஓரமெல்லாம் நெளிஞ்சு, தண்ணிக்குள்ளால பாத்த மாதிரி இருந்தா அது வெக்கை. இந்த வெக்கையாலயே எத்தினை பேர் லென்ஸை வித்திருக்கினம் தெரியுமோ. மன்னாருக்கு பூநாரை எடுக்கப் போறவை வங்காலைப் பக்கம் பகல் 11 மணிக்கு நிண்டு சுட்டுத் தள்ளுவினம், சூடான தரைக்கு மேலால காத்து அலைஞ்சு கொண்டிருக்கும், அந்த நேரம் எவ்வளவு விலையான லென்ஸைப் பூட்டினாலும் பூநாரையின்ர கால் வளைஞ்சுதான் வரும். விடியக் காலமை அதே லென்ஸோட அதே இடத்தில நிண்டு பாருங்கோ. யாலவில எண்டால் ஜீப் எஞ்சின் இன்னொரு பிரச்சினை, சிறுத்தையைக் கண்ட அவசரத்தில ட்ரைவரிட்ட எஞ்சினை நிப்பாட்டச் சொல்ல மறந்திடுவினம், அந்த நடுக்கம் முழுக்கக் கமராவுக்குத்தான் வரும். நிப்பாட்டச் சொல்லுங்கோ, துணிப் பையில பயறு நிரப்பி ஜீப் கம்பியில வச்சு அதுக்கு மேல லென்ஸை வையுங்கோ.

இவ்வளவும் பாத்த பிறகுதான் லென்ஸைச் சோதிக்கிறது. பத்திரிகைப் பக்கம் ஒண்டைச் சுவரில ஒட்டி, கமராவை ட்ரைபொட்டில வச்சு, ஐஎஸ் ஐ நிப்பாட்டி, லைவ் வியூவில (பின்பக்கத் திரையில) பெருப்பிச்சு ஃபோகஸ் பண்ணி, 2 செக்கன் டைமரில எடுங்கோ. லென்ஸின்ர கடைசி நீளத்தில ஏபர்ச்சரை (ஒளி வாற துவாரம்) முழுசாத் திறந்து ஒண்டு, எஃப் 8 இல ஒண்டு. ரெண்டிலயும் எழுத்து வெட்டி வச்ச மாதிரி நிண்டால் லென்ஸ் நல்ல சுகமா இருக்கு, மாத்த வேண்டாம். லைவ் வியூவில தெளிவு, வியூஃபைண்டருக்குள்ளால ஃபோகஸ் பண்ணினா மங்கல் எண்டால் ஓட்டோஃபோகஸைத்தான் சரிபண்ண வேணும். ட்ரைபொட்டிலயும் திறந்த ஏபர்ச்சரில எழுத்து ஊதிப்போய், கறுப்பு எழுத்தைச் சுத்தி ஊதாக் கரை கட்டி, எஃப் 8 க்குப் போனா நல்லா வருது எண்டால், அப்ப சரி, உங்கட லென்ஸ்தான் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கு. இதைச் செய்யாம வாங்கிறது காய்ச்சலுக்கு இரத்தம் சோதிக்காம மருந்து குடிக்கிற மாதிரி. 2022 இல டொலர் ஏறினதுக்குப் பிறகு இங்க ஒரு லென்ஸ் என்ன விலை எண்டு உங்களுக்கே தெரியும், அந்தக் காசுக்கு முன்னால இந்தச் சோதனைக்கு ஒரு பின்னேரம் காணும்.

தரத்துக்காக நீளத்தை விடுறது

அந்தத் தம்பிக்கு இதுவும் சேந்து நடந்தது. 250 இல இருந்து 200 க்கு வந்தா மீன்கொத்தி நீளத்தில 5 இல 1 பங்கு சின்னனாகும், பரப்பில பாத்தா 3 இல 1 பங்குக்கு மேல போயிடும். 300 இல இருந்து வந்தா இன்னும் மோசம். படத்தை வெட்டிப் பெருப்பிக்கேக்க நல்ல லென்ஸால கிடைச்ச தெளிவு அதிலயே செலவாகிடும்.

கிரிக்கெட் எடுக்கிறவைக்கும் இதேதான். கொழும்பு பி. சரா ஓவல் மைதானத்தில பவுண்டரிக்கு வெளியால நிண்டால் பட்ஸ்மன் கிட்டத்தட்ட 60, 70 மீற்றர் தள்ளி. 60 மீற்றர் எண்டு வச்சாலும் குரொப் கமராவில 200 இல ஃபிரேமின்ர உயரத்துக்குள்ள 4.5 மீற்றர் வரும், 300 இல 3 மீற்றர், 400 இல 2.2 மீற்றர். அதுக்குள்ள ஒரு ஆள் எவ்வளவு இடம் பிடிப்பார் எண்டு நீங்களே யோசியுங்கோ. பகல் வெளிச்சத்தில மட்டும் எடுக்கிற ஆளுக்கு எஃப் 2.8 ஐ விட நீளம்தான் தேவை. 2017 இல வந்த சிக்மா 100-400, 2015 இல வந்த நிக்கொன் 200-500 எஃப் 5.6, சிக்மா 150-600, இவையைப் பாக்காம 70-200 க்கு ஓடாதேங்கோ.

கன்வேட்டர் போட்டுச் சமாளிக்கலாம் எண்டு நினைக்கிறது

கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில பூட்டி நீளத்தைக் கூட்டுறதுதான் கன்வேட்டர். 1.4 போட்டா ஒரு ஸ்டொப் போகும், அதாவது ஒளி பாதியாகும், 2 போட்டா ரெண்டு ஸ்டொப். எஃப் 2.8 க்குக் குடுத்த காசு எஃப் 5.6 ஆகிடும், தெளிவும் குறையும். கெனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8, 2019 இல வந்தது, அதில கன்வேட்டர் பூட்டவே ஏலாது.

எங்க உண்மையா எஃப் 2.8 வேணும் எண்டு தெரியாம இருக்கிறது

அரங்கேற்றம். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலயோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலயோ நடக்கிற ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போய் எஃப் 5.6 லென்ஸோட நிண்டு பாருங்கோ. பிள்ளை அரைமண்டியில நிக்கேக்க எடுக்கலாம், ஜதி தொடங்கி கை வீசேக்க 1/250 ஆவது வேணும், அதுக்கு ஐஎஸ்ஓ 12800 கேக்குது எண்டால் அதே வெளிச்சத்தில எஃப் 2.8 க்கு 3200 காணும். ஒளி 4 மடங்கு. இருட்டில ஓட்டோஃபோகஸும் தடுமாறாமப் பிடிக்கும். இங்க எந்தப் பழக்கமும் லென்ஸுக்கு ஈடாகாது, ட்ரைபொட் போட்டாலும் ஆடுற பிள்ளை ஆடிக்கொண்டுதான் இருக்கும். இப்பிடி நிகழ்ச்சி மாசா மாசம் எடுக்கிற ஆள் எண்டால் யோசிக்காம வாங்குங்கோ. வருஷத்தில ஒருக்கா சொந்தக்காரப் பிள்ளையின்ர அரங்கேற்றம் எண்டால் அண்டைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கோ.

பாரம்

கெனன் 55-250 எஸ்டிஎம் மொடல் 375 கிராம், கெனன் 70-200 எஃப் 2.8 இரண்டாவது மொடல் 1490 கிராம். ஆடிவேல் தேருக்குப் பின்னால செட்டியார் தெருவில இருந்து நடக்கிற எண்ணம் இருந்தா, வாங்க முதல் ஆரிட்டயாவது இரவல் வாங்கி ஒரு பகல் முழுக்கத் தூக்கிப் பாருங்கோ. 70-200 எஃப் 4 ஐஎஸ் 760 கிராம்தான், கன பேருக்கு அதுவே காணும்.

பொடிக்குப் பொருந்துமோ எண்டு கேக்காம செகண்ட் ஹேண்ட் வாங்கிறது

நிக்கொன்காரர் கவனம். பழைய 80-200 எஃப் 2.8 டி மலிவா வரும், நல்ல லென்ஸ்தான், ஆனா ஃபோகஸ் மோட்டர் உள்ளுக்க இல்லை, டி3000, டி5000 வரிசைக் கமராவில ஓட்டோஃபோகஸ் வேலை செய்யாது. மற்றப் பக்கம், ஏஎஃப்-பி எண்டு வாற புது 70-300 டி3100, டி3200, டி5100, டி90 இலயெல்லாம் ஃபோகஸே பண்ணாது. விக்கிறவர் கேட்டாத்தான் சொல்லுவார், சில பேர் கேட்டாலும் சொல்ல மாட்டினம், அதால உங்கட கமராவைக் கொண்டு போய்ப் பூட்டிப் பாருங்கோ.

பழைய லென்ஸை முதல்லயே விக்கிறது

விக்காதேங்கோ. புதுசால ஒரு மாசம் எடுத்துப் பாத்த பிறகு யோசிக்கலாம்.

நல்ல லென்ஸுக்கு மலிவு ஃபில்டர்

லென்ஸுக்கு முன்னால பூட்டின ஃபில்டரைக் கழட்டிப்போட்டு எடுத்துப் பாருங்கோ, அது தெளிவைக் குறைச்சது விளங்கும்.

கொழும்பு ஈரத்தை மறக்கிறது

கடற்கரைப் பக்கம் இருக்கிற வீடுகளில அலுமாரிக்குள்ள துணியோட லென்ஸை வச்சிட்டு அடுத்த சீசனுக்கு எடுத்துப் பாத்தா உள்ளுக்க வெள்ளை வெள்ளையா வேர் ஓடின மாதிரி பங்கஸ் நிக்கும். கன நாள் விட்டா கண்ணாடியின்ர கோட்டிங்கையே தின்னும், பிறகு துடைச்சாலும் அடையாளம் போகாது. பாவிச்ச லென்ஸ் வாங்கப் போறவை ஃபோன் டோர்ச்சைப் பின்பக்கத்தால அடிச்சு, ஏபர்ச்சரைத் திறந்து, சரிச்சு சரிச்சுப் பாக்க வேணும், நேராப் பாத்தா தெரியாது. ட்ரை கபினெட் ஒண்டின்ர விலையையும் லென்ஸ் விலையோட சேத்தே கணக்குப் போடுங்கோ. ஈரப்பதம் 40 க்கும் 50 க்கும் இடையில இருந்தாப் போதும். கபினெட் வாங்கக் காசு காணாதெண்டால் இறுக்கி மூடுற பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும், ஜெல் நிறம் மாறினவுடன சூடாக்கித் திரும்பப் போடலாம்.